கொவ்வை என்று நான் சொன்ன கொடி

1. 2009 ஆகஸ்ட். பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் சின்னம்மா வீட்டுக்குப் பின்னால் உள்ள வேலியில் அம்மாவும் நானும் முதன்முதலாக முள்ளுப்பழம் பறித்தோம்.

2. 2011. அண்ணாவைக் கலியாணம் செய்து மச்சாள் யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸுக்கு வந்தார்.

3. 2015 பெப்ரவரி. நான்கு வருடக் காத்திருப்புக்குப் பிறகு மச்சாள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது.

4. அதே வருடம் மே. இரத்தத்தில் சீனி கூடுதல் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

5. மே கடைசி. அதே வேலியில் அம்மா ஒரு கொடியைக் கண்டார். அது கொவ்வை என்று நான் உறுதிப்படுத்தினேன்.

6. அதன் இலையை இரண்டு தடவை வறை செய்து மச்சாளுக்குக் கொடுத்தோம்.

7. ஜூன் முதல் வாரம். பிள்ளை போய்விட்டது.

8. ஆகஸ்ட். அந்தக் கொடி கொவ்வை அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

9. அடுத்த வருடம் மார்ச். அதை மச்சாளிடம் சொன்னேன்.

நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஏதாவது பிழைத்தால் இப்படித்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்: நடந்ததை நடந்த வரிசையில், யாரையும் குறை சொல்லாமல். வேலையில் அது போதும். இங்கே போதவில்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏழு மாதங்கள் இருக்கின்றன.

2009 மே மாதத்துக்குப் பிறகு அம்மா பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். வன்னியில் இருந்த அவருடைய தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. விடிய எழும்புவார், சமைப்பார், பாரிஸ் லா ஷப்பலில் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலருகே இருந்து ரயில் பாதையைப் பார்ப்பார். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அண்ணா ரெஸ்டோரண்ட் குசினியில் நின்றான். எனக்குப் பதினைந்து வயது. அம்மாவை எப்படி வெளியே கொண்டுபோவது என்று தெரியாமல், ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை RER ரயில் ஏற்றிச் சின்னம்மா வீட்டுக்குக் கூட்டிச் சென்றேன்.

சின்னம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை. பாதைக்கும் வயலுக்கும் இடையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளும் கொடிகளும் ஒரு நீளச் சுவராக நின்றன. பிரெஞ்சுக்காரர் அதை ‘எ’ (haie) என்பார்கள். அம்மா அதைப் பார்த்ததும் வேலி என்றார். யாரும் நட்டு, கட்டி, அடைத்த வேலி அல்ல. முள்மரம், எருக்கலை மாதிரித் தடித்த இலையோடு ஒன்று, காட்டு ரோஜா, செந்தட்டி போலச் சுணைக்கும் ஒரு செடி, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, நாங்கள் முள்ளுப்பழம் என்கிற பிளாக்பெர்ரிப் பற்றை. பழம் கறுத்துப் போய்க் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. மேலே ருவாஸி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு அம்மா ஒருவர் வாளியும் கொக்கித் தடியுமாக வந்து பறித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, இடுப்புக்கு மேலே உள்ளதை மட்டும் எடுங்கள், கீழே நரியும் நாயும் மூத்திரம் பெய்யும் என்றார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

ஆனால் அன்று அம்மா எங்களை ஒரு பழம்கூடத் தின்ன விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் மூன்று தரம் கழுவினார். தான் ஐந்தாறு பழம் சாப்பிட்டுவிட்டு ஒரு முழு நாள் பொறுத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகே உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி எங்களுக்குக் கொடுத்தார். கண்டறியாத பழம் என்பதால் அந்தப் பயம். ஆறு வருடம் கழித்து, கண்டு பழகிய இலை என்று அவர் நினைத்ததற்கு அந்த ஒரு நாள் பொறுமை கிடைக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஆகஸ்ட்டும் போனோம். மச்சாள் வந்த பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். அண்ணாவின் மனைவி, எனக்கு ஆறு வயது மூப்பு. நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றே அழைப்போம். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பறிப்பார். முழங்கை வரை கீறல்.

“சுப்பர்மார்க்கெட்டில எல்லாத்தையும் அடுக்கி வச்சுக்கொண்டு, இந்தச் சனம் முள்ளுக்குள்ள கையை விடுது, பாருங்கோ மச்சாள்,” என்பார், தானும் விட்டுக்கொண்டே.

அவர் ரூ காய் தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தார். கடைக்கு வருகிற பெண்கள் சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, விசேஷம் ஒன்றும் இல்லையோ என்று கேட்பார்கள். “இருந்தா உங்களுக்கு ஒளிச்சுப்போட்டு ஆருக்கு அன்ரி சொல்லப்போறன்?” என்று மச்சாள் சிரித்தபடி மடிப்பார். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு இருக்காது. நான்கு வருடமாகப் பரிசோதனை, மாத்திரை, மறுபடி பரிசோதனை. வைத்தியசாலைக்கு எப்போதும் நான்தான் மொழிபெயர்க்கப் போவேன். அதனால் அவருடைய உடம்பைப் பற்றி அண்ணாவுக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கூடத் தெரியும்.

பிள்ளை தங்கிய பிறகு சீனி வந்தது. விரலில் குத்தி ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்க்கச் சொன்னார்கள். இரண்டு கிழமைக்குள் குறையாவிட்டால் இன்சுலின் ஊசி. மச்சாள் அதற்கு மிகவும் பயந்தார். அவருடைய அப்பாவுக்கு ஊசி தொடங்கிய அடுத்த வருடம் கால் எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் ஆள் இல்லை. ஊசிதான் காலை எடுத்தது என்பது மச்சாளின் கணக்கு. அப்படி இல்லை என்று நான் விளக்கினேன். தலையாட்டினார், நம்பவில்லை. நான் அளவுகளைப் பதிய ஒரு அட்டவணை செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கூடினால் சிவப்பு, சரியென்றால் பச்சை. முதல் கிழமை முழுவதும் சிவப்பு.

சீனிக்குக் கொவ்வை இலை நல்லது என்று அம்மா சொன்னார். ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முசுட்டை, கொவ்வை, குறிஞ்சா, தூதுவளை எல்லாம் வேலியில் தானாகப் படரும். வேண்டியபோது போய் ஆய்ந்து வந்து வறை செய்வார்கள். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் கேட்டோம். முருங்கை இலை இருந்தது, வல்லாரை இருந்தது.

“கொவ்வை இலையை ஆர் அக்கா பிளேனில ஏத்துறது?” என்றார் கடைக்காரர்.

“கூசேன்வில்லில என்ர தங்கச்சி வீட்டு வேலியில கிடக்கு. போன கிழமையும் கண்டனான்,” என்றார் அம்மா.

“கூசேன்வில்லில கொவ்வையோ? அப்ப ரெண்டு கிலோ எனக்கும் கொண்டாங்கோ. யாழ்ப்பாணம் எண்டு எழுதி வச்சு விப்பம்.”

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு பை இலையோடு வந்தார். குசினி மேசையில் கொட்டிவிட்டு, “நீ படிச்சனி. வடிவாப் பாத்துச் சொல்லு,” என்றார். இதைச் சொல்ல வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சமைக்கவில்லை. என்னிடம் கேட்டார்.

நான் ஒரு தாளில் எழுதினேன். இலையில் ஐந்து மடல்: சரி. சுருண்ட பற்றுக்கம்பி: சரி. பூசணிக் குடும்பத்துக்கு உரிய தண்டு: சரி. வேலியில் படர்வது: சரி. இலை நரம்பு: சரி. தொட்டால் சொரசொரப்பு: கொவ்வை இலை வழவழப்பாக இருக்கும், இது அப்படி இல்லை, குளிர் நாட்டில் வளர்ந்ததால் இருக்கலாம். பூ: மொட்டு மட்டும், தெரியவில்லை. தொலைபேசியில் படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஏழில் ஐந்து. “ஓம் அம்மா, கொவ்வைதான்,” என்றேன்.

ஆய்வுகூடத்தில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கையில் வந்தால், திறப்பதற்கு முன் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்ப்பேன். அதுதான் முதல் கேள்வி. அன்று அந்தக் கேள்வி என் தாளில் இல்லை. கொவ்வை வெயில் நாட்டுக் கொடி. அந்த வேலி ஒவ்வொரு ஜனவரியும் உறைபனியில் வெளுத்துப்போய் நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அங்கே கொவ்வை ஒரு குளிர்காலமும் தாங்காது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் தேவையில்லை.

அன்று பின்னேரம் அம்மா தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தார். மச்சாள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“மாமி, சரியாக் கைக்குது.”

“கைச்சாத்தான் பிள்ளை சீனிக்கு நல்லது. விழுங்கு.”

மருந்து என்பதால் எங்கள் எவருக்கும் அதில் பங்கு வைக்கவில்லை. அம்மா உப்புப் பார்க்க ஒரு கிள்ளு எடுத்ததோடு சரி. மச்சாள் மோர் குடித்துக் குடித்து விழுங்கி முடித்தார்.

அடுத்த நாள் அவருக்கு வயிற்றுப் புரட்டு. சாப்பிட மனமில்லை என்று படுத்திருந்தார். ஆனால் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி குறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் குறைவு. ஒன்றும் சாப்பிடாதவருக்குச் சீனி குறையத்தான் செய்யும். நான் அட்டவணையில் பச்சையால் குறித்தேன். குறித்துவிட்டு, வேலை செய்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். மச்சாளுக்கும் சந்தோஷம். வயிற்றுப் புரட்டைக் கர்ப்பத்தின் கணக்கில் போட்டார். புதன்கிழமை அம்மா மறுபடி கூசேன்வில் போனார். இம்முறை இரண்டு பை. அன்றிரவு மறுபடி வறை.

வெள்ளிக்கிழமை காலை நான் வேலையில் நின்றபோது அண்ணா தொலைபேசியில் அழைத்தான். மச்சாளால் கழிப்பறையைவிட்டு எழும்ப முடியவில்லை, வயிறு இறுகி இறுகி விடுகிறது என்றான். நான் நேரே வைத்தியசாலைக்கு ஓடினேன்.

என்ன சாப்பிட்டார் என்று வைத்தியர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். ரயிலில் வரும்போதே ஒரு கிழமைச் சாப்பாட்டை நாள்வாரியாக எழுதியிருந்தேன். கொவ்வைக்கு நேரே அதன் தாவரவியல் பெயரையும் எழுதினேன், பிழையில்லாமல். வைத்தியர் இளம் ஆள். அந்தப் பெயரைக் கணினியில் அடித்துப் பார்த்தார். உண்ணக்கூடிய தாவரம், ஆசியாவில் நீரிழிவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வாசித்தார். அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். கிருமித் தொற்றாக இருக்கலாம் என்றார். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை என்று எனக்கு நன்றி சொன்னார்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. இந்த வரியை எழுத விருப்பமில்லை. ஆனால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளை பிறந்தது. ஐந்து மாதம் தாண்டியிருந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மச்சாளின் ஒரு கைக்குள் அடங்கியது. அவர் துணியை விலக்கி விரல்களை எண்ணினார். பிறகு அண்ணாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

காரணம் கண்டறியப்படவில்லை என்று அறிக்கை வந்தது. நான்தான் அதை மொழிபெயர்த்தேன். காரணம் இல்லை என்றால் காரணம் தான்தான் என்று மச்சாள் எடுத்துக்கொண்டார். “என்ர வயித்தில பிள்ளை நிக்காது” என்று அம்மாவிடம் சொன்னார், அண்ணாவிடம் சொன்னார். வேலையை விட்டார். அம்மா அவருக்குத் தலை வாரிவிட்டு, பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டார். அந்த இரண்டு மாதமும் அவர்கள் தாயும் மகளும் மாதிரி இருந்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் சின்னம்மாவுக்கு ஒரு கடிதம் வாசித்துக் கொடுக்க நான் தனியாகப் போனேன். திரும்பும்போது வேலிப் பக்கம் நடந்தேன். மச்சாளுக்குக் கொஞ்சம் முள்ளுப்பழம் பறிக்கலாம் என்ற எண்ணம். பற்றைக்கு மேலால் அந்தக் கொடி படர்ந்திருந்தது. முழுவதும் காய்த்திருந்தது. பட்டாணி அளவில் உருண்டைச் சிவப்புப் பழங்கள், கொத்துக் கொத்தாக. கொவ்வைப் பழம் விரல் நீளம் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு அம்மா வாளியோடு வந்தார். அது என்ன கொடி என்று கேட்டேன். பிரியோன் என்றார். ஊர்ப் பேரில் பிசாசின் கிழங்கு என்பார்களாம். வேர், இலை, பழம் எல்லாம் நஞ்சு. முந்தி மாட்டுக்காரர்கள் வேலியில் கண்டால் தோண்டி எறிவார்களாம். என் அம்மா அதை வெட்டிப் பையில் போடுவதை மே மாதம் ஜன்னலால் பார்த்ததாகவும் சொன்னார்.

“முயலுக்கு வெட்டுகிறார் என்று நினைத்தேன். முயலுக்கும் கூடாது என்று சொல்ல நினைத்தேன். பிறகு, எனக்கேன் என்று விட்டுவிட்டேன்.”

முள்ளுப்பழம் பறிக்காமலே போய் ரயில் ஏறினேன்.

அடுத்த நாள் வைத்தியசாலைக்குப் படங்களோடு எழுதினேன். அந்த வைத்தியரே தொலைபேசியில் பேசினார். இருக்கலாம் என்றார். அதிக வயிற்றோட்டம் பிரசவ வலியைத் தூண்டியிருக்கலாம், இல்லாமலும் நடந்திருக்கலாம், இப்போது நிரூபிக்க முடியாது. கோப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். மச்சாளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். சொல்லப்போகிறேன் என்றேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தவில்லை. கையிலிருந்த அகப்பையைக் கழுவி வைத்தார். கதிரையில் இருந்தார்.

“அவளுக்குச் சொல்லாதை, பிள்ளை. சொன்னா அவள் என்ர கையால ஒரு வாய் சாப்பிடமாட்டாள்.”

“அவ தன்ர வயித்தை எல்லோ குறை சொல்லிக்கொண்டு இருக்கிறா, அம்மா.”

“அடுத்த பிள்ளை வரட்டும். எல்லாம் மறந்துபோம்.”

அம்மாவுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சில வருடங்கள் சொல்லிக்கொண்டேன். அது அரைவாசிதான் உண்மை. இலையைக் கிள்ளியது அம்மா; பெயர் வைத்தது நான். செப்டெம்பரில் மச்சாள் காய்ச்சலாக இருந்தார், சொல்லவில்லை. ஒக்டோபரில் அண்ணாவுக்கு வேலை மாறியது, சொல்லவில்லை. டிசம்பரில் நத்தாருக்கு அவர் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியிருந்தார், அதைக் கெடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது.

மார்ச்சில் மச்சாள் வைத்தியசாலையில் நேரம் குறித்து ஒரு ரொந்தேவூ எடுத்திருப்பதாகவும் மொழிபெயர்க்க வர வேண்டும் என்றும் கேட்டார். போகிற வழியில்தான் எதற்கு என்று சொன்னார். இனிப் பிள்ளை தங்காமல் செய்துவிடக் கேட்கப்போகிறாராம். அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்னொரு பிள்ளையைக் கொல்ல ஏலாது என்றார்.

நாங்கள் காத்திருக்கும் அறையில் இருந்தோம். சுவரில் தாய்ப்பால் பற்றிய படம். உள்ளே இருக்கும் கோப்பில் என் கடிதம் இருந்தது. வைத்தியர் அதைத் திறந்தால் என் வாயால்தான் அது தமிழில் வர வேண்டும். அதுவும் சேர்ந்துதான் என்னைப் பேச வைத்தது.

“மச்சாள், அது கொவ்வை இல்லை.”

“எது?”

“மே மாதம் நீங்கள் சாப்பிட்ட வறை. அது வேற கொடி. நஞ்சு. நான்தான் பிழையாச் சொன்னனான்.”

வேலி, சிவப்புப் பழம், கடிதம், வைத்தியர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் வயிற்றில் பிழை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றேன்.

“எப்ப தெரியும்?”

“ஆகஸ்ட்டில.”

விரல் மடிப்புகளில் எண்ணினார். “ஏழு மாசம்.”

“ஓம்.”

“மாமிக்கு?”

“அண்டைக்கே சொன்னனான்.”

“அவருக்கு?”

“அண்ணாவுக்குத் தெரியாது.”

வரவேற்பு மேசையில் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பினார். கைப்பையை எடுத்தார்.

“தெரியாமல் தந்ததுக்கு ஒண்டும் சொல்லமாட்டன். ஏழு மாசமா நான் என்ர வயித்தில அடிச்சு அழேக்க ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.” நானும் எழும்பப் போனேன். “நீங்கள் வரவேண்டாம். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில நான் கதைக்கிறன்.”

உள்ளே நாற்பது நிமிடம் இருந்தார். அந்தச் சிகிச்சையை அவர் கேட்கவில்லை என்று பின்னர் அண்ணா மூலம் தெரிந்தது. அன்றே அவர் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மே மாதத்துக்குள் அவர்கள் வேறு ஊருக்கு வீடு மாறினார்கள்.

2018இல் அவர்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. முழு மாதம். சீனி அப்போதும் வந்தது, இன்சுலின் போட்டார்கள், தாயும் பிள்ளையும் சுகம். மச்சாள் பிரெஞ்சு படித்து இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறார். வைத்தியரையும் மாற்றிக்கொண்டார். பழைய வைத்தியசாலைக் கோப்பில் என் கடிதத்துக்குக் கீழே ‘சாத்தியம், உறுதி இல்லை’ என்று இருக்கிறது. அண்ணா என்னோடு கதைப்பான், அம்மாவோடு கதைப்பான். வருடத்தில் மூன்று தடவை மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மச்சாள் அம்மாவை மாமி என்றும் என்னை மச்சாள் என்றும்தான் கூப்பிடுகிறார். பிள்ளைக்கும் தனக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார். அம்மா அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்கிறார். அவர்கள் போன பிறகு அதை நானும் அம்மாவும் இரண்டு நாளுக்கு வைத்துச் சாப்பிடுகிறோம்.